மா என்றொரு கிரைண்டர்

ஜூன் 3, திங்கள்

இன்று கம்பெனியில் ஒரு குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். எவர்சில்வர் டிரம், உள்ளே மூன்று கல், ஒரு வருட வாரண்டியோடு பிறந்த குழந்தை. மேஜைமேல் வைத்து மாவாட்டும் புதிய சின்ன மாடல் கிரைண்டர். முதலாளி நாச்சிமுத்து ஐயா மைக்கைப் பிடித்து, "இனி இதுக்குப் பேரு மா" என்றார். பெயரின் மிச்சம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். வரவில்லை. அவ்வளவுதான் பெயர்.

விளக்கம் மட்டும் அரைமணி நேரம் வந்தது. மா என்றால் மாவு, மா என்றால் மாம்பழம், மா என்றால் பெரியது, மா என்றால் மகாலட்சுமி, வடக்கே போனால் அம்மா. "ஒரே எழுத்துல உலகத்தையே புடிச்சுப்போட்டேன்" என்றார். கை தட்டினோம். கை தட்டத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

மறுத்துப் பேச வழியே இல்லை. போன வெள்ளிக்கிழமையே குலதெய்வம் கோயிலில் பூ கேட்டுவிட்டார். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் வாழையிலையில் ஒரே மாதிரி கட்டி அம்மன் காலடியில் போட வேண்டும். கோயிலுக்கு வந்த ஏதாவதொரு குழந்தை ஒன்றை எடுத்துக் கொடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணம், போர்வெல், கோர்ட் கேஸ் எல்லாம் இப்படித்தான் முடிவாகும். மற்ற கம்பெனிகளில் போர்டு மீட்டிங் என்று ஒன்று நடக்குமாம். எங்களுக்கு அம்மன் போதும். டீ, பிஸ்கட் கூடக் கேட்பதில்லை.

கூட்டம் கலைந்ததும் சஞ்சீவ் என் மேஜைக்கு வந்தார். ஐயாவின் ஒரே மகளைக் கட்டியவர். லண்டனில் ஒரு வருடம் படித்துவிட்டு வந்ததிலிருந்து எங்கள் எல்லோருக்கும் ஏதோ வியாதி இருப்பதுபோலவே பார்ப்பவர்.

"கலாமணி மேடம், எக்ஸ்போர்ட் செக்‌ஷன்னு ஒண்ணு வெச்சிருக்கோம். என்ன எக்ஸ்போர்ட் ஆகுதுன்னுதான் தெரியல. ஆடி பொறக்கறதுக்குள்ள வியட்நாம் ஆர்டர் வரலைன்னா மூடிரலாம். சென்னையில ஒரு ஏஜென்சிகிட்ட பேசி வெச்சிருக்கேன்."

செக்‌ஷன் என்றால் நானும் இஸ்மாயிலும். இஸ்மாயிலுக்கு முப்பது வயது, எங்கே போனாலும் வேலை கிடைக்கும். எனக்கு நாற்பத்தொன்பது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் நர்சிங் மூன்றாம் வருடம். இந்த வேலை போனால் எனக்கு எங்கே கிடைக்கும் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்திருக்கலாம்.

ஜூன் 5, புதன்

ஐயா எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். "மா-ங்கறதுக்கு எந்தெந்த மொழியில என்னென்ன நல்ல அர்த்தம்னு எழுதிக் குடு அம்முணி. கேட்டலாக்குல போட்டுரலாம்." கெட்ட அர்த்தம் இருந்தால் என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. அதெல்லாம் இருக்காது, அம்மன்தான் விசாரித்துவிட்டாளே.

சித்தூர் டீலருக்குப் போன் போட்டேன். தெலுங்கில் மா என்றால் 'எங்களுடைய' என்று அர்த்தமாம். மனிதருக்குப் பெயர் ரொம்பப் பிடித்துவிட்டது. "எங்க கிரைண்டர்னு நீங்களே எழுதிட்டீங்க, அப்புறம் பில்லு எதுக்கு மேடம்?" என்று சிரித்தார். போன தடவை அனுப்பியதற்கே பதில் இல்லை என்பதால் நானும் சிரித்துவைத்தேன்.

பாண்டிச்சேரி டீலர் பிரெஞ்சு படித்தவர். அங்கே மா என்றால் 'என்னுடைய'. அதிலும் சொந்தமான பொருள் பெண்ணாக இருந்தால்தான் மா போட வேண்டுமாம். பிரெஞ்சுக்காரனுக்கு நாற்காலியும் பெண், மேஜையும் பெண். கிரைண்டர் எது என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார். எங்கள் ஊரில் இதற்குப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

"அரபியில மான்னா தண்ணிக்கா" என்றான் இஸ்மாயில். "மாவாட்டறதுக்குத் தண்ணி வேணும்தானே? எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன்.

ஜூன் 7, வெள்ளி

கேட்டலாக் வளர்கிறது. இத்தாலியில் மா என்றால் 'ஆனால்'. 'இது நல்ல கிரைண்டர், ஆனால்' என்று விளம்பரம் போடலாம். வாங்குகிறவர் மிச்சத்தைத் தாமாகவே புரிந்துகொள்வார். ஹங்கேரியில் மா என்றால் 'இன்று'. நாளைக்கு ஓடுமா என்று கேட்காதவரைக்கும் பிரச்சினை இல்லை. எஸ்தோனியாவில் 'நான்'. போலந்தில் 'வைத்திருக்கிறான்'. ஹீப்ருவில் 'என்ன?' என்ற கேள்வி. கரண்ட் பில்லைப் பார்த்து எல்லா ஊரிலும் கேட்கிற கேள்விதான் அது.

இந்த நாடுகளுக்கு இதுவரை ஒரு கிரைண்டர்கூடப் போனதில்லை. ஐயாவிடம் காட்டினேன். 'ஆனால்' என்பதில் கொஞ்சம் நின்றார். "இத அடிச்சுப்போடு. இத்தாலிக்காரன் இட்லி திங்க மாட்டான்."

சாயந்திரம் மகளுக்கு ஃபீஸ் கட்டினேன்.

ஜூன் 11, செவ்வாய்

லான் அம்மாவிடமிருந்து மெயில். வியட்நாமில் எங்கள் கிரைண்டரை வாங்கி விற்கப்போகிறவர் இவர்தான். அரிசியை ஊறவைத்து அரைப்பதில் அந்த ஊர்க்காரர்கள் நமக்கு எந்த விதத்திலும் இளைத்தவர்கள் இல்லை. பெயர் வைத்த அன்றே கூரியரில் சாம்பிளாக அனுப்பியதை அவருடைய தாயாரே ஓட்டிப் பார்த்தாராம். கல் அருமை, சத்தம் குறைவு, கழுவுவது சுலபம். இப்படி ஒரு பக்கம் புகழ்ந்துவிட்டுக் கடைசியில் எழுதியிருந்தார்:

"ஒரு சின்ன விஷயம். எங்கள் மொழியில் மா என்றால் பேய். பேய் என்று எழுதியதை அடுப்படியில் வைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். என் தாயார் பெயரின்மேல் துணி போட்டு மூடித்தான் அரைத்தார். பெயரை மட்டும் எடுத்துவிட்டால் ஜூலை பத்துக்குள் ஆர்டர் போடுகிறோம்."

இரண்டு தடவை படித்தேன். பிறகு போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 12, புதன்

மீட்டிங். ஐயா, சஞ்சீவ், அக்கவுண்ட்ஸ் காரர், புரொடக்‌ஷன் மேனேஜர், நான். மெயிலைப் படித்துக் காட்டினேன்.

ஐயா கண்ணை மூடித் திறந்தார். "ஆத்தா வெள்ளைப்பூ குடுத்துப்போட்டா. அவ குடுத்த பேரை எடுக்கறதுக்கு நாம ஆரு? அந்த ஊர்ல அது பேயின்னா, நம்ம ஆத்தா பேயோட்டறவதான?"

புரொடக்‌ஷன் மேனேஜர் தலையை ஆட்டினார். அக்கவுண்ட்ஸ் காரர் ஏற்கனவே ஆட்டிக்கொண்டிருந்தார்.

"வியட்நாமுக்கு மட்டும் பேர் போடாம அனுப்பிரலாங்களாய்யா?" என்றேன்.

"பெத்த புள்ளைக்கு வூட்டுல ஒரு பேரு, வெளிய பேரே இல்லைன்னா ஆகுமா அம்முணி?"

சஞ்சீவ் வாயே திறக்கவில்லை. எல்லாவற்றிலும் இங்கிலீஷில் கருத்துச் சொல்கிறவர், இன்று மட்டும் மாமனாரின் பக்தியை மதித்து மௌனமாக உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. ஆர்டர் போனால் செக்‌ஷன் போகும். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் டம்ளரிலிருந்த காப்பியை அவர் மேலேயே ஊற்றியிருப்பேன். ஊற்றவில்லை. காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 14, வெள்ளி

லான் அம்மாவிடம் போனில் பேசினேன். அவருடைய இங்கிலீஷும் என்னுடையதும் ஒரே தரம் என்பதால் நன்றாகப் புரிந்தது. அவர்கள் மொழியில் மா-வை இழுப்பதையும் இறக்குவதையும் பொறுத்து அர்த்தம் மாறுமாம். சமமாகச் சொன்னால் பேய். ஏற்றிச் சொன்னால் அம்மா. இறக்கினால் 'ஆனால்', அதாவது இத்தாலிக்காரர்கள் இங்கேயும் வந்துவிட்டார்கள். வேறு விதமாக முறுக்கினால் குதிரை, இன்னொரு விதத்தில் கல்லறை. எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைத்து வெடுக்கென்று நிறுத்தினால் நெல் நாற்று.

நாற்று! எனக்குத் தலைகால் புரியவில்லை. பேயிலிருந்து நாற்றுக்கு ஒரே ஒரு புள்ளி. ஓடிப்போய் ஐயாவிடம் சொன்னேன். அவர் தன் எண் ஜோதிடக்காரருக்குப் போன் போட்டார். புள்ளி வைத்தால் கூட்டுத்தொகை எட்டில் போய் நிற்கிறதாம், சனியாம்.

பேய் என்றால் பரவாயில்லை. சனிதான் ஆகாது.

ஜூன் 21, வெள்ளி

சஞ்சீவ் ஏஜென்சிக்காரர்களுக்கு அனுப்ப ஃபைல்களைப் பிரித்து வைக்கச் சொல்லிவிட்டார். "ஜஸ்ட் இன் கேஸ்" என்றார். பஞ்சு வைத்துவிட்டு ஊசி போடுகிற நர்ஸின் குரல்.

பயமாக இருக்கிறது. கேலி செய்து எழுதினால் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

லீவு போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனேன். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது என்று கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் என்றபோது இதே மாதிரி பூ கேட்டு வெள்ளைதான் வந்தது. அதற்குமேல் எனக்கும் அம்மனுக்கும் பேச ஒன்றுமில்லாமல் போயிற்று.

பூசாரி மாரப்பன் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். "ஒருக்கா கேட்ட வாக்க மாத்தமுடியுங்களா?" என்று கேட்டேன்.

"மாத்தப்படாது. ஆனா வேற கேள்வி கேக்கலாம்" என்றார். "பேரு வெக்கலாமான்னு உங்க மொதலாளி கேட்டாரு, ஆத்தா சரின்னா. அந்தப் பேரு கடல் தாண்டலாமான்னு கேட்டாரா? கேக்கலீல்ல? அது வேற கேள்விதானுங்க."

எங்கள் கம்பெனி வக்கீலுக்கு மாதாமாதம் கொடுப்பதை இவருக்குக் கொடுக்கலாம்.

ஜூன் 28, வெள்ளி

ஐயாவிடம் சொன்னேன். எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"செரி, கேட்டர்லாம். வார வெள்ளிக்கெழமை." பிறகு, "எப்பவும் பூசாரிதான் பூக் கட்டுவாரு. இந்தத்தடவ நீ கட்டு அம்முணி" என்றார்.

"நானுங்களா? எனக்கு அதுல நம்பிக்கை இல்லைன்னு உங்களுக்கே தெரியுமுங்களே."

"அதுக்குத்தான். நம்பிக்கை இல்லாத கைதான் நடுநிலையா இருக்கும்."

இப்படியொரு தகுதி எனக்கு இருப்பது இன்றுதான் தெரிந்தது.

ஜூலை 5, வெள்ளி

காலையில் பூ மார்க்கெட். வெள்ளை அரளி அவ்வளவு நன்றாக இல்லை, ஓரமெல்லாம் வாடியிருந்தது. செவ்வரளி புதிதாக வந்திருந்தது. பொட்டலங்களைக் கோயில் வாசலில் வைத்துக் கட்டினேன். கட்டியதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது. வாழையிலை, நார், பூ.

குடும்பத்தோடு கும்பிட வந்தவர்களின் சின்னப் பெண் ஒன்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. பூசாரி பிரித்தார். சிவப்பு.

"ஆத்தா வேண்டாங்கறா" என்றார் பூசாரி. சஞ்சீவின் முகம் சுருங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஐயா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தப்புப் பண்ணப் பாத்தேன் தாயி, மன்னிச்சிரு" என்று சிலையைப் பார்த்துச் சொன்னபோது எனக்குக் கூசியது. எழுபத்திரண்டு வயது மனிதர். அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றேன்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. பூசாரி அதைக் கிணற்றில் போட்டுவிடுவார், அதுதான் வழக்கம். இன்று அவர் குனிவதற்குள் ஐயா குனிந்தார். பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூலை 6, சனி

ஐயா ஆபீஸுக்கு வரவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

ஆர்டர் வந்துவிட்டது! ஒரு கன்டெய்னர் நிறைய. பெயர் இல்லாமல், பெயர் இருந்த இடத்தில் ஒரு நெல் கதிர் படம். பட்டறையில் எல்லோருக்கும் லட்டு. இஸ்மாயில் எனக்கு இரண்டு எடுத்துவந்தான்.

அம்மனிடம் கேட்டுத்தான் பெயரை எடுத்தோம் என்று லான் அம்மாவுக்கு எழுதியிருந்தேன். பதில் எழுதியிருக்கிறார்: "உங்கள் தெய்வத்துக்கு எங்கள் மொழியும் தெரிந்திருப்பதில் மகிழ்ச்சி. என் தாயார் வணக்கம் சொல்லச் சொன்னார்." இரண்டாவது லட்டை இஸ்மாயிலிடமே கொடுத்துவிட்டேன்.

ஐயா இன்றைக்கும் என்னைக் கூப்பிடவில்லை. எதிரே வந்தபோது சட்டைப் பையைத்தான் பார்த்தேன். தட்டையாக இருந்தது.

ஜூலை 12, வெள்ளி

கூப்பிட்டார்.

மேஜைமேல் காய்ந்த வாழையிலை விரிந்து கிடந்தது. நடுவில் கறுத்துப்போன பூக்கள். கறுத்தாலும் சிவப்பு தெரிந்தது.

"பிரிச்சுப் பாத்தேன்" என்றார் ஐயா. "என்ற அப்பாரு காலத்துலருந்து கேக்கறோம். ரெண்டாவது பொட்டலத்த ஆரும் பிரிச்சதில்லை."

ஒரு பூவை எடுத்துத் திரும்ப இலையிலேயே வைத்தார்.

"ஆத்தாளுக்கு அன்னிக்கு ரெண்டு மனசே இல்லையாட்ட இருக்குது" என்றார்.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. இந்தக் கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து ஒருநாளும் ஆபீஸில் அழுததில்லை. அவர் டவலை என் பக்கம் நகர்த்திவிட்டு, நான் முடிக்கும்வரை சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடி பொறக்கறதுக்குள்ள இன்னொண்ணு கேக்கோணும்" என்றார் பிறகு. "மாப்பிள்ளைய எம்.டி. ஆக்கிரலாமான்னு. புள்ள தெனமும் கேக்கறா. நான் எதுவும் சொல்லலை, ஆத்தா சொல்றதுதான்னு சொல்லிப்போட்டேன். செவ்வாக்கெழமை போறோம். பூவ நீயே கட்டு."

"நானுங்களா ஐயா? இத்தனைக்கு அப்புறமுமா?"

"நீதான்." இலையை மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். என்னை நேராகப் பார்த்தார். "நல்லாப் பாத்துக் கட்டு."

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே வெளியே தள்ளியிருப்பார்கள். இவர் எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கிறார். என்னை நம்புகிறார். வெட்கமாக இருந்தது.

ஜூலை 15, திங்கள்

சஞ்சீவ் எம்.டி. ஆனால் முதல் கையெழுத்து எதில் போடுவார் என்று எனக்குத் தெரியும். ஏஜென்சிக்காரர்கள் ஆபீஸுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆர்டரை நாங்கள் பிடித்துக் கொடுத்தாயிற்று, இனி அனுப்புவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். "நாளைக்குப் பூ நீங்கதானேக்கா?" என்று இஸ்மாயில் கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டான்.

ஜூலை 16, செவ்வாய்

மார்க்கெட்டில் இரண்டும் வாங்கினேன். வெள்ளை ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். இதை எழுதி வைக்க எனக்குக் கூச்சமில்லை. நம்பிக்கை இல்லாதவள் சாமி கும்பிட்டேன். "சிவப்பு குடு தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று வாய்விட்டே கேட்டேன்.

ஒரு கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர்கள், அதன் கையைப் பிடித்துப் பொட்டலத்தின்மேல் வைத்தார்கள். பூசாரி பிரித்தார்.

வெள்ளை.

ஐயாவின் மகள் அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சஞ்சீவுக்கு மாலை போட்டார்கள். அவர் மாலையோடு என்னிடம் வந்து, "தேங்க்ஸ் மேடம். நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க, ஃபைலெல்லாம் எடுத்துட்டு. ஏஜென்சியில இருந்து ஆள் வந்துருவாங்க" என்றார். முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். சரிங்க என்றேன்.

ஐயா மட்டும் சன்னதியை விட்டு வெளியே வந்து, கார் ஏறாமல் செருப்பு விடுகிற இடத்திலேயே நின்றிருந்தார். என்னை அருகில் கூப்பிட்டார்.

"நல்லாப் பாத்துத்தான் கட்டுனயா?"

"ஆமாங்கய்யா. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு சிவப்பு. மகமேல சத்தியமா நேர்மையாக் கட்டுனேனுங்க."

அவர் மெல்லப் படியில் உட்கார்ந்தார். உள்ளே மாலையோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனம்முணி, நேர்மையாக் கட்டறதுக்குத்தான் பூசாரி இருக்கறாரே. உன்னைய எதுக்குக் கட்டச் சொன்னேன்?"